கையை விட்டுப் போன விமானம்

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பெரிய மனிதர்கள் செய்த பெரிய காரியங்களைப் படிக்க உட்கார்ந்தால் எங்களுக்குக் கண்ணைச் சுழற்றிக்கொண்டு தூக்கம் வந்துவிடும். ஒரு கிழவர், ஒரு மேஜை, கொஞ்சம் பசை, கொஞ்சம் மரச் சிம்பு என்று யாராவது ஆரம்பித்தால் போதும், நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவோம். சரித்திரத்தில் நான் தேடிப் பிடித்துப் படிப்பதெல்லாம் இந்த ரகம்தான்.

அப்படிப் படித்தவற்றுள் மனத்தை விட்டு அகலாத காட்சி ஒன்று உண்டு. 2003-ஆம் வருஷம், ஆகஸ்டு மாதம் 9-ஆம் தேதி, மாலை நேரம். கனடாவைச் சேர்ந்த நியூபவுண்ட்லாந்து தீவில் கேப் ஸ்பியர் என்று ஒரு முனை இருக்கிறது. அந்தத் தேசத்தின் கிழக்குக் கோடி அதுதான். அதற்கு அப்பால் அட்லாண்டிக் சமுத்திரம். அந்த முனையில் எழுபத்தேழு வயதுக் கிழவர் ஒருவர் நிற்கிறார். அவருடைய கையில், ஆறடி இறக்கை விரிந்த ஒரு சிறு விமானம். மனிதருக்குக் கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது, காதும் மந்தம். விமானத்தின் யந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் அதைத் தூக்கிக் காற்றிலே எறிகிறார். ஐந்து கிலோ நிறைகூட இல்லாத அந்தப் பொருள் போய்ச் சேர வேண்டிய இடம் சமுத்திரத்துக்கு அக்கரையில், அயர்லாந்தில் இருக்கிறது.

கிழவரின் பெயர் மேனார்டு ஹில். ரேடியோ மூலம் ஓட்டுகிற மாதிரி விமானங்களைக் கட்டுவதிலேயே ஆயுளில் பாதிக்கு மேல் கழித்தவர். அவர் கதையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த விமானத்தின் குலம் கோத்திரத்தையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

* * *

மாதிரி விமானம் என்றால் குழந்தைகள் விளையாடும் பொம்மை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் மனிதன் ஏறிப் பறந்த விமானத்துக்கு அதுதான் மூத்தது. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903-இல். அதற்கு 32 வருஷம் முன்னாலேயே, 1871 ஆகஸ்டில், பாரிஸ் நகரத்தின் ட்யூலரி பூங்காவில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர் ஒரு சின்ன விமானத்தைப் பறக்கவிட்டார். முறுக்கிய ரப்பர்தான் அதற்கு யந்திரம். 11 விநாடி பறந்து, சுமார் 130 அடி தூரம் போய் இறங்கியது. இவ்வளவுதானா என்று கேட்டுவிடாதீர்கள். அந்த 11 விநாடியும் அது குப்புற விழவில்லை, பக்கவாட்டில் சரியவில்லை. மேலே நிமிர்ந்தால் தானே தலையைத் தாழ்த்திக்கொண்டது. கீழே குனிந்தால் தானே நிமிர்ந்துகொண்டது. வாலில் இருந்த சிறு தகட்டை அவர் எந்தக் கோணத்தில் வைத்தார் என்பதில் இருந்தது சூட்சுமம். இறக்கை நுனிகளையும் அதே நோக்கத்துடன் மேலே தூக்கியிருந்தார்.

ரைட் சகோதரர்கள் சிறுவர்களாக இருந்தபோது அவர்களுடைய தகப்பனார் வாங்கி வந்து கொடுத்த பறக்கும் பொம்மைகூட பெனோ செய்த மாதிரியை ஒட்டியதுதான். பாவம், அந்த மனுஷர் தம் முப்பதாவது வயதிலேயே, 1880-இல், மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொண்டார். ஆனால் அவர் கண்டுபிடித்துச் சொன்ன பாடம் மட்டும் நிலைத்துவிட்டது. ஒரு விமானத்தைக் கையை விட்டு அனுப்பிய பிறகு அதற்கு நாம் எதுவும் செய்ய முடியாது. செய்ய வேண்டியதையெல்லாம் கையில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

இந்தப் பாடத்தைப் பல வருஷ காலம் எல்லோரும் சமர்த்தாகப் பின்பற்றினார்கள். 1930-களில் கைக்கு அடக்கமான பெட்ரோல் யந்திரங்கள் கடைக்கு வந்தபோதுதான் தொந்தரவு ஆரம்பித்தது. ரப்பர் முறுக்கு ஒன்றிரண்டு நிமிஷத்தில் தளர்ந்துவிடும். விமானம் அடுத்த வயலிலே இறங்கும். ஓடிப் போய் எடுத்து வந்துவிடலாம். பெட்ரோல் யந்திரம் அப்படியா? அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். வெயில் காலத்தில் தரையிலிருந்து கிளம்பும் சூடான காற்றில் அகப்பட்டுக்கொண்டால் மேலே மேலே ஏறி, புள்ளியாகி, கண்ணுக்கு மறைந்தே போய்விடும். மாதக் கணக்கில் இரவு கண் விழித்துச் செய்த விமானம். விமானத்தின் உடம்பில் பெயரையும் விலாசத்தையும் எழுதி வைத்துவிட்டு, கண்டெடுத்த புண்ணியவான் திருப்பித் தருவான் என்று காத்திருக்க வேண்டியதுதான்.

பறக்கவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும். இந்த இரண்டு ஆசைக்கும் நடுவே பிறந்ததுதான் ரேடியோ விமானம்.

* * *

ரேடியோவால் ஒரு பொருளைத் தூரத்திலிருந்து ஆட்டி வைப்பது புதிய யோசனை அல்ல. நிகோலா டெஸ்லா 1898-லேயே நியூயார்க் நகரத்தில் ஒரு தொட்டித் தண்ணீரில் சிறு படகை மிதக்கவிட்டு, கம்பி எதுவும் இல்லாமல் அதைத் திருப்பிக் காட்டினார். ஆனால் படகு எவ்வளவு பாரம் வேண்டுமானாலும் சுமக்கும். விமானம் சுமக்குமா? அந்தக் கால ரேடியோ என்றால் கண்ணாடி வால்வுகள், அவற்றைச் சூடாக்க ஒரு பாட்டரி, மின்சார அழுத்தத்துக்கு இன்னொரு பாட்டரி. இத்தனையையும் தூக்கிக்கொண்டு பால்ஸா மரத்தாலான ஒரு கூடு பறக்க வேண்டும்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் காலமஸூ என்று ஓர் ஊர். அங்கே இரட்டைப் பிள்ளைகள் இருவர், வால்டர் குட், வில்லியம் குட் என்று. ஒருவருக்கு விமானம் செய்வதில் பைத்தியம், மற்றவருக்கு ரேடியோவில். வீட்டில் ஒரே நேரத்தில் இந்த இரண்டு பைத்தியமும் இருந்தால் என்ன நடக்கும்? எட்டடி இறக்கையுள்ள ஒரு விமானத்தை வால்டர் கட்டினார். அதற்குள் வைக்கும் ரேடியோவை வில்லியம் செய்தார். 1937-இல் அது பறந்தது, திருப்பினால் திரும்பியது, கிளம்பிய இடத்துக்கே வந்து இறங்கியது. ‘கஃப்’ என்று செல்லப் பெயர் வைத்திருந்தார்கள். அது 1960-இல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்ஸோனியன் பொருட்காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தது.

‘கஃப்’ போன்ற அந்தக் கால விமானங்களை எப்படித் திருப்பினார்கள் என்பதைச் சொன்னால் சிரிப்பு வரும். சுவர்க் கடிகாரத்துக்குள்ளே ஒரு சக்கரத்தின் பல்லை ஒவ்வொன்றாக விட்டுப் பிடிக்கிற நாக்கு ஒன்று இருக்குமே, ‘டிக், டிக்’ என்று, அதே ஏற்பாடுதான் விமானத்தின் வாலிலும். முறுக்கிய ரப்பர் ஒன்று சுக்கானைத் திருப்பப் பார்க்கும், நாக்கு தடுத்துக்கொண்டிருக்கும். தரையில் நிற்பவர் பொத்தானை அழுத்தினால் நாக்கு ஒரு பல் விடும். சுக்கான் வலது பக்கம் திரும்பும். விட்டால் நேராகும். மறுபடி அழுத்தினால் இடது பக்கம். மறுபடி விட்டால் நேர். வலது, நேர், இடது, நேர் என்று இதே வரிசைதான். இரண்டு தரம் தொடர்ந்து வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால், நடுவில் இடது பக்கத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினோம் என்பதை மறந்தால் தீர்ந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இவ்வளவு அற்பமான அதிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு விமானத்தை ‘ஓட்ட’ முடியாது. அவ்வப்போது யோசனைதான் சொல்ல முடியும். விமானம் தானாகவே ஒழுங்காகப் பறக்கக்கூடியதாக இருந்தால்தான் அந்த யோசனைக்கு அர்த்தம். 1937-இல் டெட்ராய்ட் நகரில் நடந்த போட்டியிலும் இதுதான் தெரிந்தது. ரேடியோவோடு வந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். வென்றவர் செஸ்டர் லான்ஸோ. அவருடைய விமானம்தான் இருந்தவற்றுள் லேசானது, எளிமையானது. ரேடியோவைப் பிரமாதமாகச் செய்தவரைவிட, விமானத்தை ஒழுங்காகச் செய்தவருக்கே வெற்றி.

* * *

இதே சமயத்தில் ஹாலிவுட்டில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. ரெஜினால்டு டென்னி என்ற சினிமா நடிகர். பிறப்பால் ஆங்கிலேயர், முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்தவர். பிறகு சினிமாவுக்கு வந்தவருக்கு மாதிரி விமானத்தில் மோகம் பிடித்துக்கொண்டது. ஹாலிவுட் வீதியில் மாதிரி விமானக் கடையே வைத்துவிட்டார். பீரங்கி வீரர்கள் குறி பார்த்துச் சுட்டுப் பழகுவதற்கு ரேடியோவால் ஓடுகிற சிறு விமானம் இருந்தால் நல்லது என்று அவருக்குத் தோன்றியது. அமெரிக்க ராணுவத்திடம் போய்ச் சொன்னார். பல முறை தோற்று, கடைசியில் 1940-இல் ஒப்பந்தம் கிடைத்தது. யுத்தம் முடிவதற்குள் அவருடைய ‘ரேடியோபிளேன்’ கம்பெனி சுமார் 15,000 விமானங்களைச் செய்து கொடுத்தது. அத்தனையும் சுட்டு வீழ்த்துவதற்காகவே பிறந்தவை.

அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்களை யுத்தத்தின் கடைசிக் காலத்தில் ராணுவப் புகைப்படக்காரர் ஒருவர் படம் பிடிக்க வந்தார். கையில் புரொப்பெல்லரைப் பிடித்துக்கொண்டு சிரித்த ஒரு பெண் அவர் கண்ணில் பட்டாள். பெயர் நார்மா ஜீன். சில வருஷங்கள் கழித்து உலகம் அவளை மர்லின் மன்றோ என்று அழைத்தது. கதையில் நான் இப்படி எழுதியிருந்தால் ‘தற்செயல் அதிகம்’ என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

வேடிக்கை போகட்டும். இதிலே மனத்தை உறுத்துகிற விஷயமும் இருக்கிறது. இரட்டைப் பிள்ளைகள் விமானம் திரும்பி வர வேண்டும் என்பதற்காக ரேடியோவை வைத்தார்கள். அதே ரேடியோவை, திரும்பி வராமல் போனாலும் பாதகமில்லை என்பதற்காக வைக்கலாம் என்று ராணுவம் கண்டுகொண்டது. இந்த நூற்றாண்டில் யுத்தச் செய்திகளில் அடிபடுகிற ஆளில்லா விமானத்துக்கும் மூதாதை இந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறது. ஒரு பொருளைக் கையால் செய்கிறவன் அதனிடம் என்ன எதிர்பார்க்கிறான் என்பதைப் பொறுத்தே அதன் ஜாதகம் அமைகிறது போலும்.

* * *

யுத்தத்துக்குப் பிறகு பொழுதுபோக்காக விமானம் கட்டுகிறவர்களின் தொகை பெருகியது. அமெரிக்காவில் முதலில் ரேடியோ பரீட்சை தேறி லைசென்ஸ் வாங்கியவர்கள் மட்டுமே இந்த விமானங்களை ஓட்டலாம் என்று இருந்தது. 1950-களின் தொடக்கத்தில் பரீட்சை இல்லாமலே ஓட்ட ஓர் அலைவரிசையை ஒதுக்கினார்கள். 1960-களில் இன்னொரு பெரிய மாறுதல். அதுவரை சுக்கான் திரும்பினால் முழுசாகத் திரும்பும், இல்லாவிட்டால் நேராக நிற்கும். இப்போது கைப்பிடியைக் கொஞ்சம் அசைத்தால் கொஞ்சம், நிறைய அசைத்தால் நிறைய என்று ஆயிற்று. விமானத்துக்குள் ‘ஸெர்வோ’ என்ற குட்டி மோட்டார் பெட்டி இருக்கும். விநாடிக்கு 50 தடவை அதற்கு ஒரு மின் துடிப்பு வரும். துடிப்பின் நீளம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்கு வரை. குட்டையாக வந்தால் ஒரு கோடி, நீளமாக வந்தால் மறு கோடி, ஒன்றரைப் பங்கு என்றால் நடு. விரலின் நெளிவு சுளிவெல்லாம் இறக்கைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் ஆகாயம் பொதுச் சொத்து. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் டிரான்ஸ்மிட்டரைத் திறந்தால், பறந்துகொண்டிருக்கும் விமானத்துக்கு யார் எஜமானன் என்று தெரியாமல் அது தரையில் வந்து மோதும். இதற்காக மைதானத்தில் ஒரு பலகை வைத்திருப்பார்கள். அதில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு கிளிப், துணி உலர்த்தும்போது கொடியில் மாட்டுகிறோமே அதுதான். அந்தக் கிளிப் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே டிரான்ஸ்மிட்டரைத் திறக்கலாம். இத்தனை விஞ்ஞானத்துக்கும் காவல், காலணாக் கிளிப்! இந்த நூற்றாண்டில் வந்த புதிய ரேடியோக்கள் தங்களுக்குள்ளேயே இடம் பிரித்துக்கொள்வதால் அந்தக் கிளிப்புக்கு வேலை போய்விட்டது.

ரேடியோ எவ்வளவோ மாறியும் மாறாத ஒன்று உண்டு. அது மேஜைமேல் நடக்கிற வேலை. ஈக்குவடார் தேசத்து பால்ஸா மரத்தைக் கத்தியால் சீவி, விலா எலும்புகள் போல் வரிசையாக நிறுத்தி, நீளச் சட்டங்களால் இணைத்து, மேலே மெல்லிய காகிதமோ பட்டுத் துணியோ போர்த்தி, வார்னிஷ் போன்ற ஒரு திரவத்தைப் பூசுவார்கள். காயக் காய அது மத்தளத்துத் தோல் போல இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிற்காலத்தில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துச் சுருங்க வைத்தார்கள். இரண்டு இறக்கைகளில் ஒன்று இம்மி முறுக்கிக்கொண்டிருந்தாலும் போச்சு. விமானம் ஆயுள் முழுவதும் அந்தப் பக்கமே சாயும்.

கட்டியான பிறகு நிறை பார்க்க வேண்டும். இரண்டு இறக்கையின் அடியிலும் ஒவ்வொரு விரலைக் கொடுத்துத் தூக்குவார்கள். முன் விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே அது தராசு முள் போல நிற்க வேண்டும். மூக்குப் பாரமாக இருந்தால் விமானம் சோம்பேறித்தனமாகப் பறக்கும்; வால் பாரமாக இருந்தால் ஒரே ஒரு தடவைதான் பறக்கும். இது அந்தத் தொழிலில் உள்ளவர்கள் சொல்கிற பழமொழி. புரொப்பெல்லர் சுழலுகிற வேகத்தில் விமானம் இடது பக்கம் இழுக்கும். அதற்காக யந்திரத்தையே ஒன்றிரண்டு பாகை வலது பக்கம் திருப்பிப் பொருத்துவார்கள். பிறகு கைப்பிடியை வலது பக்கம் அசைத்து, மடல் சரியான பக்கம் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டு அவசரத்தில் பறக்கவிட்டு ஒரு மாத உழைப்பை ஒரு விநாடியில் தொலைத்தவர்கள் ஏராளம். கடைசியாக, டிரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொண்டு மைதானத்தில் அடி எண்ணி நடந்துபோய், தூரத்திலும் ரேடியோ கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதன் பிறகுதான் பறத்தல்.

பறக்கவிடுகிறவனுக்கு ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. விமானம் நம்மை விட்டுப் போகும்போது அதன் வலது நம் வலது. நம்மை நோக்கித் திரும்பி வரும்போது அதன் வலது நமக்கு இடது. கற்றுக்கொள்கிறவர்களுக்கெல்லாம் இந்த இடத்தில்தான் குழப்பம். எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே கைப்பிடியைத் தள்ளு, தாங்கினாற்போல் நிமிர்ந்துகொள்ளும் என்று மூத்தவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். விமானம் வரும் முகத்தைப் பார்த்துக் கை பழக வேண்டும்; அதற்குக் கண் வேண்டும்.

மேனார்டு ஹில்லிடம் அந்தக் கண்தான் இல்லாமல் போயிற்று.

* * *

ஹில் உலோக சாஸ்திரம் படித்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிசாலையில் வேலை. இரட்டையரில் வால்டர் குட் வேலை பார்த்ததும் அதே இடத்தில்தான். ஹில் சாதாரண ஆள் அல்ல. உயரம், தூரம், நேரம் என்று மாதிரி விமானத்தில் 25 உலக சாதனைகள் அவர் பெயரில் இருந்தன. 1970-இல் அவருடைய விமானம் ஒன்று ஏறக்குறைய 27,000 அடி உயரம் போய் வந்தது. எவரெஸ்டுக்கு இரண்டாயிரம் அடி கீழே என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கண்ணும் மங்கத் தொடங்கிய காலத்தில் அவர் மனத்தில் ஓர் ஆசை எழுந்தது. ஒரு மாதிரி விமானம் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்ட வேண்டும். 1998-லேயே ஓர் ஆளில்லா விமானம் தாண்டியிருந்தது; ஆனால் அது வானிலை ஆராய்ச்சிக்காக ஒரு கம்பெனி செய்தது, 13 கிலோ நிறை. ஹில் நினைத்தது சட்டப்படியான மாதிரி விமானம். சர்வதேச விதிப்படி எண்ணெயும் சேர்த்து நிறை 5 கிலோவைத் தாண்டக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். விமானமும் யந்திரமும் கருவிகளும் சேர்ந்து 6 பவுண்டுக்குள் அடங்க வேண்டும். மிச்சம் 5 பவுண்டு எண்ணெய், அதாவது ஒரு காலனுக்கும் குறைவு. அதை வைத்துக்கொண்டு சுமார் 1,900 மைல் பறக்க வேண்டும். சாதாரணமாகக் கடையில் விற்கும் யந்திரம் இந்த எண்ணெயைச் சில மணி நேரத்தில் குடித்துத் தீர்த்துவிடும். ஹில் ஒரு நான்கு வீச்சு யந்திரத்தை எடுத்து, அதன் வாயைச் சுருக்கிச் சுருக்கி, மணிக்கு இரண்டு அவுன்ஸ் சொச்சமே போதும் என்று பழக்கினார். எண்ணெயோ முகாம் போடுகிறவர்கள் விளக்குக்கு ஊற்றும் வெள்ளை பெட்ரோல். குதிரையைப் பட்டினிக்குப் பழக்குகிற கதை நமக்குத் தெரியும். பழகி முடிக்கும் சமயத்தில் குதிரை செத்துப் போகும். இந்தக் குதிரை சாகவில்லை.

இத்தனையும் செய்தவர் பார்வை குன்றியவர் என்பதை மறந்துவிடக் கூடாது. பால்ஸா சட்டத்தின் நேரை விரலால் தடவியே அறிந்துகொண்டார். கண்ணுக்குக் கண்ணாக நண்பர்கள் கூட்டம் ஒன்று சேர்ந்துகொண்டது. ஒருவர் தானியங்கிக் கருவி, ஒருவர் கணக்கு, ஒருவர் விமானம் ஓட்ட. மேரிலாந்து மாகாணத்தில் ஒரு பண்ணையில் சோதனை நடந்தது. ‘பட்ஸ் பண்ணை’ என்று அதற்குப் பெயர். லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தனியே தாண்டிய விமானத்துக்கு ‘ஸ்பிரிட் ஆஃப் ஸெயின்ட் லூயி’ என்று பெயர் அல்லவா? ஹில்லின் விமானத்துக்கு ‘ஸ்பிரிட் ஆஃப் பட்ஸ் ஃபார்ம்’ என்று பெயர் வைத்தார்கள். சந்தோஷமான மனிதர்கள்!

2002 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக்குப் போனார்கள். மூன்று விமானங்களை விட்டார்கள். மூன்றும் போய்விட்டன. மறு வருஷம் மறுபடியும் போனார்கள். 2003 ஆகஸ்டு 8-ஆம் தேதி நான்காவது கிளம்பியது. அதுவும் வழியிலே சமுத்திரத்துக்கு ஆகுதி ஆயிற்று. மறுநாள் மாலைதான் நான் முதலில் சொன்ன காட்சி. ஐந்தாவது விமானம்.

ஹில் எறிந்த விமானத்தைத் தரையிலிருந்து ஜோ ஃபாஸ்டர் சிறிது நேரம் ரேடியோவால் ஓட்டி, உயரம் ஏற்றி, கிழக்கே திருப்பினார். பிறகு தானியங்கிக் கருவியிடம் ஒப்படைத்தார். அதற்கு அப்புறம் யாரும் எதுவும் செய்வதற்கில்லை. செயற்கைக்கோள் காட்டும் இடத்தைப் பார்த்து அந்தக் கருவி சுக்கானைத் திருப்பிக்கொண்டு போகும். அவ்வப்போது, ‘இங்கே இருக்கிறேன்’ என்று செய்தி அனுப்பும். கேட்டுக்கொண்டிருக்கலாம், பதில் சொல்ல முடியாது. நடுச் சமுத்திரத்தில் சில மணி நேரம் அந்தச் செய்தியும் நின்றுபோயிற்று. நான்கு விமானத்தை இழந்தவர்கள், ஐந்தாவதும் போயிற்று என்று எண்ணியதில் என்ன ஆச்சரியம்? பிறகு செய்தி வந்தது. விமானம் தன் பாட்டில், தன் வழியில் போய்க்கொண்டிருந்தது.

அது இறங்க வேண்டிய இடத்தையும் பொருத்தமாகவே தேர்ந்தெடுத்திருந்தார்கள். 1919 ஜூனில் ஆல்காக், பிரவுன் என்ற இரு வீரர்கள் முதன்முதலாக அட்லாண்டிக்கை எங்கும் இறங்காமல் தாண்டினார்கள். அவர்கள் கிளம்பியது நியூபவுண்ட்லாந்தில். 16 மணி நேரம் பறந்து போய் மூக்கு மண்ணில் குத்த இறங்கியது, அயர்லாந்தில் கிளிஃப்டன் ஊருக்குப் பக்கத்துச் சதுப்பு நிலத்தில். அவர்களுடைய விமானம் ஏற்றிச் சென்ற பெட்ரோல் 865 காலன். அதே கிளிஃப்டனுக்குப் பக்கத்தில் மானின் கடற்கரையில், ஒரு காலன்கூட இல்லாமல் கிளம்பிய இந்தக் குஞ்சுக்காக ஒரு சிறு கூட்டம் காத்திருந்தது. கையில் டிரான்ஸ்மிட்டரோடு நின்றவர் பெயரும் பிரவுன்தான், டேவ் பிரவுன்.

ஆகஸ்டு 11-ஆம் தேதி பிற்பகல் இரண்டு மணி சுமாருக்கு வானத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. பிரவுன் அதை ரேடியோவால் பிடித்து இறக்கினார். 38 மணி 52 நிமிஷம். 1,880 மைலுக்குச் சற்று மேல். தொட்டியில் மிஞ்சியிருந்த எண்ணெய் ஓரிரண்டு அவுன்ஸ். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் கதை வேறு.

ஹில் அந்தக் கடற்கரையில் இல்லை. கிளம்பிய கரையிலேயே இருந்தார். செய்தி தொலைபேசியில் வந்தது. தாம் அழுவது மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்க, மனைவியை அணைத்துக்கொண்டு முகத்தை மறைத்துக்கொண்டாராம்.

* * *

அவர் 2011-இல், 85-ஆவது வயதில் காலமானார்.

இந்தச் சரித்திரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு விஷயம் விசித்திரமாகப் படுகிறது. கையை விட்டுப் போகிற விமானத்தை மறுபடி கைக்குள் கொண்டுவருவதற்காக மனிதர்கள் ரேடியோவைக் கண்டுபிடித்தார்கள். அறுபத்தாறு வருஷம் பாடுபட்டு அந்தப் பிடியை இறுக்கினார்கள். அந்தக் கலையின் மகத்தான பிரயாணம் என்று சொல்லத்தக்க ஒன்று நடந்தபோதோ, ஆரம்பத்தில் சில நிமிஷமும் முடிவில் சில நிமிஷமும் தவிர, யாருடைய கையும் அதன்மேல் இல்லை. நடுவில் இருந்த ஒன்றரை நாளும், ஒரு கிழவர் தடவித் தடவிச் சேர்த்த சட்டங்களும், பட்டினி பழக்கிய யந்திரமும், நண்பர்கள் பொறுமையாகச் செய்து கொடுத்த கருவியும்தான் அதைச் சுமந்து போயின. பெனோ 11 விநாடியில் சொன்ன பாடத்தையே ஹில் 39 மணி நேரத்தில் சொன்னார்.

பிள்ளைகளை வெளியூருக்கு ரயிலேற்றி அனுப்பிவிட்டு, வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் பிளாட்பாரத்திலேயே நிற்கிற பெற்றோரை நாம் பார்த்திருக்கிறோம். செய்ய வேண்டியதை வீட்டிலேயே செய்தாகிவிட்டது. இனிமேல் கடிதம் வரக் காத்திருக்க வேண்டியதுதான். ஆனாலும் கால் நகருவதில்லை. ஹில்லுக்கு அன்று மாலை விமானம் மறைந்ததுகூடக் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. யந்திரத்தின் சத்தம் அந்த மந்தச் செவிக்கு எவ்வளவு தூரம் வரை எட்டியதோ? கடைசியாக அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது, கையில் இருந்த பாரம் கையை விட்டுப் போனது ஒன்றுதான்.